4. வியாழக்கிழமை மாலை

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. இரவு ஜெபம் முடிந்து நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனவன் நடுவழியில் நின்று கேட்டான்: “ஏம்மா, நாங்க இல்லாதப்பவும் நீ ஜெபம் பண்ணுவியா?”

“பண்ணுவேனே” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் சொன்னது பொய். அவனுக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் அப்படி ஒரு கேள்வி எங்கிருந்து வரும்? பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நான் அப்போது ஏழாவது வருட ஆசிரியை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் செயலாளர். கூட்டம் தொடங்க ஒரு ஜெபம், முடிக்க ஒரு ஜெபம், வீட்டில் எட்டரை மணிக்கு ஒரு ஜெபம். எல்லாவற்றிலும் கேட்க ஆள் இருந்தார்கள். யாரும் கேட்காத இடத்தில் நான் கண்ணை மூடி எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று அன்று படுத்துக்கொண்டு யோசித்தேன். நினைவுக்கு எட்டவில்லை.

முந்தைய மூன்று அத்தியாயங்களும் பிள்ளைகளுக்கு எதை, எப்போது சொல்லிக்கொடுப்பது என்பதைப் பற்றியவை. இந்த அத்தியாயம் உங்களைப் பற்றியது. பிள்ளைகள் வந்த பிறகு வேதம் வாசிக்க நேரமில்லை, ஜெபிக்கத் தெம்பில்லை என்று புலம்பாத தாய் தகப்பன் இல்லை. நானும் புலம்பியவள்தான். ஆனால் என் விசுவாசம் கொஞ்சமாவது வேர்பிடித்ததென்றால், அது பிள்ளைகளுக்கு எதிரே ஆசிரியையாக உட்கார்ந்த நேரத்தில் நடக்கவில்லை. அவர்கள் பக்கத்தில், அதே பாயில், எனக்கும் தெரியாது என்ற நிலையில் உட்கார்ந்த நேரத்தில் நடந்தது. அப்படி உட்காருவது எப்படி என்பதே இங்கே விஷயம்.

ஜெபத்துக்குள் ஒளிந்திருக்கும் திட்டு

முதலில் குடும்ப ஜெபத்தைச் சரிசெய்துகொள்வோம். நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பது அது ஒன்றுதான்.

நம் குடும்ப ஜெபங்களில் பாதி ஆண்டவருக்குப் போவதில்லை; பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் போகிறது. மகளுக்குக் கணக்கில் கவனம் வேண்டும், மகனுக்கு எதிர்த்துப் பேசாத நாவு வேண்டும், இவர்கள் போனைக் கீழே வைக்க வேண்டும் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போது, கண்ணைத் திறந்து சொல்லத் தைரியம் இல்லாத திட்டைச் சுற்றுவழியில் அனுப்புகிறோம். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க ஐந்து வயது போதும். ஜெபம் என்றால் பெரியவர்கள் நம்மைப் பற்றிப் புகார் சொல்கிற நேரம் என்று ஒரு பிள்ளை முடிவுகட்டிவிட்டால், பிறகு அதை மாற்றப் பாடுபட வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். பிள்ளையின் குறையைப் பிள்ளையின் காதில் விழும்படி ஜெபிப்பதில்லை. அதைத் தனியே ஜெபிக்கலாம். சபையாக உட்கார்ந்திருக்கும்போது அவரவர் தன் குறையை மட்டும் சொல்லலாம். முதல் இரவு எனக்கு வாயே வரவில்லை. பிள்ளைகளின் குறைகளை எடுத்துவிட்டால் என் ஜெபத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை! கடைசியில், “இன்றைக்கு அடுத்த வீட்டம்மாவைப் பற்றித் தேவையில்லாமல் பேசினேன், மன்னியும்” என்றேன். இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். நானும் திறந்துதான் வைத்திருந்தேன், அதனால் தெரியும்.

நேரம் பத்து நிமிடம் போதும். டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளையை முக்கால் மணி நேரம் முழங்காலில் நிறுத்துவது பக்தி ஆகாது. ஒரு கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும். ஒரு சிறு வாசிப்பு. ஆளுக்கு இரண்டு வாக்கியம் ஜெபம். பொதுவாக மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். 16 அதிகாரங்கள்தான், இரவுக்குப் பத்து வசனம் என்றால் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். கதை நிற்காமல் ஓடும், பிள்ளைகளுக்குச் சலிக்காது. தினமும் ஒரு வாக்குத்தத்த அட்டையை உருவி வாசித்துவிட்டு முடித்துக்கொள்ளும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். அட்டையில் இருப்பதெல்லாம் நமக்குக் கிடைக்கப்போவது. நம்மிடம் கேட்கப்படுவது எதுவும் அட்டையில் இருக்காது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குப் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினம். அதை ஒரு வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள். புரியாத சொல்லைப் பிள்ளை நிறுத்திக் கேட்கட்டும். ஒருநாள் என் மகள் “கிருபைன்னா என்னம்மா?” என்று கேட்டாள். இருபது வருடமாக வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்த சொல். எனக்கு விளக்கத் தெரியவில்லை. தயவு என்றேன்; அது இரக்கம்தானே என்றாள். இரக்கம் வேறு என்றேன்; எப்படி வேறு என்றாள். அன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, கலாத்தியருக்கு எழுதின நிருபத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். ஓய்வுநாள் பள்ளிப் பாடத்துக்காக இல்லாமல் நான் வேதத்தைத் திறந்தது வெகு நாளுக்குப் பிறகு அன்றுதான்.

கேட்கட்டும் என்று விட்டுவைத்தவை

உபாகமம் ஆறாம் அதிகாரத்தைப் பிள்ளை வளர்ப்புக் கூட்டங்களில் எல்லோரும் எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்க வேண்டும் என்ற பகுதி அழுத்தமாக வாசிக்கப்படும். அதற்கு ஒரு வசனம் முன்னே இருப்பதை வேகமாகத் தாண்டிப் போகிறோம்: அந்த வார்த்தைகள் முதலில் இருக்க வேண்டிய இடம் பெற்றவர்களின் இருதயம். வரிசை அப்படித்தான் இருக்கிறது. அதன் பிறகு சொல்லப்படும் இடங்களையும் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. வகுப்பறையும் கரும்பலகையும் இதில் இல்லை. நம் காலத்துக்குச் சொன்னால் ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கூட்டிப்போகும் கால் மணி நேரம் அது.

அதே அதிகாரத்தின் இருபதாம் வசனத்தில் இன்னொன்று இருக்கிறது. பின்னாளில் பிள்ளை கேட்பான் என்கிறது. பஸ்கா இரவைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமம் 12-ம் அதிகாரத்திலும், யோர்தானிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்த யோசுவா 4-ம் அதிகாரத்திலும் இதே ஏற்பாடுதான். கேள்வி பிள்ளையிடமிருந்து வருகிறது. பெற்றவர்களின் வேலை, கேட்கத் தூண்டும் ஒன்றைக் கண்ணில் படுகிறபடி வைத்திருப்பது. கல்லை நட்டுவைத்தார்கள், பிரசங்கத்தைப் பிறகு வைத்துக்கொண்டார்கள்.

நம் வீட்டிலும் அப்படிக் கற்கள் உண்டு. பீரோவுக்கு மேலே துணி சுற்றிக் கிடக்கும் தாத்தாவின் வேதபுத்தகத்தை இறக்குங்கள். முதல் பக்கத்திலோ நடுவிலுள்ள வெற்றுத் தாளிலோ பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், மரணம் எல்லாம் நீல மையில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டுப் புத்தகத்தில் என் ஆச்சியின் கையெழுத்தில் இரண்டு குழந்தைகளின் பெயர் இருக்கிறது. இரண்டுமே ஒரு வயது தாண்டவில்லை. யார் இவர்கள் என்று மகன் கேட்டான். எனக்கே முழுக்கத் தெரியாது. ஊருக்குப் போயிருந்தபோது பெரிய அத்தையிடம் கேட்டோம். அவர் சொன்ன கதையில், இரண்டாவது பிள்ளையை அடக்கம்பண்ணிய வாரமே ஆச்சி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனதும், பாட்டுக்கு எழுந்து நின்றதும், பாடாமல் நின்றதும் வந்தது. எத்தனை வாரம் பாடவில்லை என்று மகன் கேட்டான். அத்தைக்குத் தெரியவில்லை. பிறகு பாடினாள், நான் கேட்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். நான் எடுத்த எந்தப் பாடமும் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பதிந்திருக்காது. எனக்கும்தான்.

தரங்கம்பாடி மணலும் எப்வர்த் வீடும்

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குக்கு இருபத்து நான்கு வயதுகூட நிரம்பவில்லை. ஜெர்மனியில் இறையியல் படித்தவர். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய வயதான ஆசிரியர் ஒருவரைத் தன் வீட்டுக்கே பள்ளியை மாற்றச் சொல்லி, அங்கே வந்த சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். போதிக்க வந்தவர் முதலில் உட்கார்ந்த இடம் அதுதான். 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததை எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன்னால் இருந்த மணலைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

அவரும் உடன் வந்த புளூட்சோவும் எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1709 முதல் லண்டனில் புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகம் இங்கிலாந்தின் லிங்கன்ஷைர் பகுதியில் எப்வர்த் என்ற சிற்றூரின் போதகர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டு அம்மாள் சூசன்னா வெஸ்லி. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பத்துப் பேரை மட்டுமே ஆளாக்கக் கொடுத்துவைத்தவர். கணவர் சாமுவேல் சபை வேலையாக மாதக்கணக்கில் லண்டனில் தங்கியிருந்த காலம் அது. தரங்கம்பாடிக் கடிதங்களை வாசித்த சூசன்னா கலங்கிப்போனதாகக் கணவருக்கு 1712 பிப்ரவரியில் எழுதினார். நான் ஆணும் அல்ல, போதகரும் அல்ல; ஆனாலும் இதைவிட அதிகம் செய்யலாமே என்று தோன்றியது என்பது அந்தக் கடிதத்தின் சாரம். எங்கிருந்து தொடங்குவது? தன் பிள்ளைகளிடமிருந்து.

அவர் செய்தது மிகச் சின்னக் காரியம். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவது. திங்கள் மாலியோடு, செவ்வாய் ஹெட்டியோடு, புதன் நான்சியோடு, வியாழன் ஜாக்கியோடு, வெள்ளி பாட்டியோடு (பாட்டி என்பது மகளின் செல்லப்பெயர்), சனி சார்ல்ஸோடு, ஞாயிறு எமிலியும் சூக்கியும் சேர்ந்து. வியாழக்கிழமைக்காரனான ஜாக்கிக்கு அப்போது எட்டு வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் வீடு தீப்பிடித்தபோது மேல்மாடியிலிருந்து கடைசி நிமிடத்தில் காப்பாற்றப்பட்டவன். பின்னாளில் அவனை உலகம் ஜான் வெஸ்லி என்று அறிந்தது. ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த காலத்தில், முப்பதை நெருங்கும் வயதில், அவர் தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்றில் அந்த வியாழக்கிழமை மாலையில் சிறிது நேரத்தை மறுபடியும் தனக்குத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

இந்த அம்மாளைச் சொல்லும்போது முழுவதும் சொல்லிவிட வேண்டும். ஒரு வயதுப் பிள்ளையைப் பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பழக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். செவ்வாய்க்கிழமைக்காரியான ஹெட்டி கவிதை எழுதும் அறிவாளி. வளர்ந்தபின் வீட்டை மீறிப் போய், விருப்பமில்லாத ஒருவருக்கு 1725-ல் மணமுடிக்கப்பட்டு, தகப்பனின் மன்னிப்பு கிடைக்காமலே துன்பப்பட்டாள். ஆக, வாரம் ஒரு மாலை கொடுத்தால் பிள்ளை வெஸ்லி ஆவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் இந்தக் கதையில் எடுத்துக்கொள்வது தாயின் பக்கத்தை. ஏற்கெனவே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த பெண், எங்கோ ஒரு கடற்கரை ஊரில் ஒருவர் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்திருப்பதை வாசித்துவிட்டு, தன் பிள்ளைகளோடு ஒவ்வொருவராக முகம் பார்த்துப் பேசத் தொடங்கினார். அந்த ஞாயிறு மாலைகளில் அவர் வீட்டு அடுக்களையில் பிரசங்கம் வாசிக்கக் கேட்க அக்கம்பக்கத்தார் இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் மாறியவர் தாய்.

உங்கள் வீட்டு வியாழன்

நமக்கு இரண்டு பிள்ளை, மிஞ்சிப்போனால் மூன்று. கஷ்டமே இல்லை என்று தோன்றும், தொடங்கினால்தான் தெரியும்.

நாளைக் குறித்து அதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். சபை நாட்காட்டியில் அந்தக் கிழமைக்கு எதிரே பேரை எழுதிவைத்தால் நல்லது. அரை மணி நேரம். வீட்டுக்குள் வேண்டாம், மொட்டைமாடி, வாசற்படி, தெருமுனை வரை நடை, எதுவும் சரி. தகப்பனும் தாயும் சேர்ந்து உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும். ஒருவர் போதும். வெளியூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் தகப்பனென்றால் போனிலேயே செய்யலாம். ஆனால் அந்த அழைப்பில் மார்க்கையும் கட்டணத்தையும் பேசக் கூடாது, அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டுத் தொடங்காதீர்கள். “வேதம் வாசிச்சியா?” என்ற கேள்விக்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு, அது உண்மையாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வாரத்தைச் சொல்லுங்கள். அலுவலகத்தில் எதற்குப் பயந்தீர்கள், யாரிடம் கோபப்பட்டீர்கள், எதற்காக ஜெபித்தும் இன்னும் நடக்கவில்லை. பிள்ளையின் வயதுக்குத் தாங்குகிற அளவு சொன்னால் போதும். கடன் கணக்கையும் மாமியார் சண்டையையும் பத்து வயதுத் தலையில் இறக்கிவைக்கக் கூடாது.

என் மகன் முதல் நான்கு வாரமும் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. எனக்கு லெக் ஸ்பின் என்றால் என்னவென்று தெரிந்ததுதான் மிச்சம். ஐந்தாவது வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டே சொன்னான்: “கோயில்ல கண்ண மூடுனா எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்கும்மா. இருட்டாதான் இருக்கு. உனக்கு என்னமாவது தெரியுதா?”

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைக்கு உடனே ஒரு பதில் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். “பாதி நாள் எனக்கும் இருட்டாதான் இருக்கும்லே” என்றேன். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். அப்புறம் ஏன் மூடுறே என்று கேட்டான். அதற்கும் உண்மையான பதிலைத் தேட வேண்டியிருந்தது. மிச்சப் பாதி நாளுக்காக என்று சொல்லிப் பார்த்தேன். அது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அந்தக் கேள்வியோடு இருந்தேன். விடிகாலையில் பால்காரர் வருவதற்கு முன், தெருவிளக்கு வெளிச்சத்தில், யாருக்கும் கேட்காமல் முழங்கால் போடத் தொடங்கியது அந்த வாரத்தில்தான். ஒன்பது வயதில் அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பொய்யை, அவன் பத்தாவது வயதில் மெய்யாக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் இதை வாசித்துவிட்டுக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். உங்களுக்கு விடிகாலை என்று தனியாக ஒன்று கிடையாது. இரவு மூன்று மணிக்குப் பாலூட்டும் நேரத்தில் ஒரே ஒரு சங்கீதத்தை வைத்துக்கொள்ளுங்கள், வாரம் முழுவதும் அதையே. பெரிய வேத பண்டிதரான மார்ட்டின் லூத்தர், வீட்டுத் தலைவர்களுக்காக 1529-ல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியவர், தானும் ஒரு பிள்ளையைப் போலக் காலைதோறும் பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சொல்லிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறார். புதிதாக எதையும் வாசிக்க முடியாத காலம் என்று ஒன்று உண்டு. மனப்பாடமாக இருப்பதை மெல்ல மென்றுகொண்டிருந்தாலே அந்தக் காலத்தைக் கடந்துவிடலாம்.

பதில் இல்லாத கேள்விக்கு ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வேதபுத்தகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியைப் பிள்ளையே அதில் எழுதட்டும், தேதி போட்டு. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் மகள் தன் ஆச்சியைப் பற்றிக் கோணல் எழுத்தில் எழுதியிருப்பது: ஆச்சிக்காக எல்லாரும் ஜெபம் பண்ணினோமே, ஏன் செத்துப்போனாங்க?

கர்த்தருக்குச் சித்தமில்லை என்று ஒரே வரியில் மூடிவிடத் தோன்றும். நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க என்று பேச்சை மாற்றத் தோன்றும். இரண்டும் பொய் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் பிள்ளை கேட்டது அதை இல்லை. “எனக்கும் தெரியலட்டி. எனக்கும் அது வலிக்குது” என்று சொல்லி எழுதவைத்தேன். மாற்கு 9-ம் அதிகாரத்தில் நோயாளி மகனைக் கொண்டுவரும் தகப்பன், விசுவாசிக்கிறேன் என்பதையும் விசுவாசம் போதவில்லை என்பதையும் ஒரே மூச்சில் கதறிச் சொல்கிறான். அவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. லூக்கா 2-ல், ஒரு நாள் பயண தூரம் போன பிறகுதான் பன்னிரண்டு வயது மகன் கூட்டத்தில் இல்லை என்று தெரிந்துகொள்ளும் பெற்றோரையும் பாருங்கள் (நம்மை நாமே நொந்துகொள்ளும் நாட்களில் இந்தப் பகுதி பெரிய ஆறுதல்). தேடிக் கண்டுபிடித்தபோது பிள்ளை சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று சுவிசேஷமே எழுதிவைத்திருக்கிறது. மரியாள் புரியாததைத் தூக்கி எறியாமல் உள்ளத்தில் வைத்துக்கொண்டாள். நம் நோட்டு அந்த வேலையைத்தான் செய்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நோட்டை எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் கொண்டுபோவோம். சில கேள்விக்கு அவர் பதில் சொன்னார். ஆச்சியைப் பற்றிய கேள்வியை வாசித்துவிட்டு, பேனாவை எடுத்து அதற்குக் கீழே “நானும்” என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். அவர் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது.

ஆனால் என்ற சொல் இல்லாமல்

வேதத்தில் நல்ல தகப்பன்மார்களைத் தேடினால் பட்டியல் சின்னது. ஏலி தன் மகன்களைத் தடுக்கவில்லை. அந்த வீட்டின் கேட்டைக் கண்ணால் பார்த்து வளர்ந்த சாமுவேலின் பிள்ளைகளோ லஞ்சம் வாங்கினார்கள். தாவீது அதோனியாவை ஒருநாளும் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை. பிள்ளையிடம் தகப்பன் மன்னிப்புக் கேட்ட காட்சி என் நினைவில் ஒன்றுகூட இல்லை. அதை நாம்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஞாயிறு காலை, எட்டரை மணி ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. மகள் இட்லிச் சட்டியைத் தட்டிவிட்டாள். அறைந்தேன். அன்று பரிசுத்த நற்கருணை. பொதுவான பாவ அறிக்கையை வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. பீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவு வந்தால் முதலில் போய் ஒப்புரவாகு என்ற போதனை சகோதரனைப் பற்றித்தான் இருக்கிறது என்று மனதுக்குள் வாதாடிப் பார்த்தேன். கால் எழவில்லை. அன்று நான் பந்திக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்: “காலைல உன்னை அடிச்சது தப்பு. மன்னிச்சிரு.” அவள் ஹோம்வொர்க் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “சரி, விடும்மா” என்றாள். அவ்வளவுதான். கண்ணீரும் இல்லை, கட்டிப்பிடிப்பதும் இல்லை.

செய்முறை இது: அன்றைக்கே, இரண்டு வாக்கியத்துக்குள், உட்கார்ந்து, பிள்ளையின் கண் உயரத்தில். ‘ஆனா நீயும்…’ என்று தொடங்கும் மூன்றாவது வாக்கியம் வரும். அதைச் சொல்லாதீர்கள். அதைச் சொன்னால் முதல் இரண்டும் செல்லாது. என் வீட்டுக்காரருக்கு இது வரவே இல்லை. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய நாளில் பரோட்டா வாங்கி வருவார். பிள்ளைகளுக்கு அந்த மொழியும் புரிந்தது. இருந்தாலும் வாயால் சொல்வதற்கு அது ஈடாகாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

மார்ச் மாத ஜெபம்

பொதுத்தேர்வு வந்துவிட்டால் நம் விசுவாசம் எப்படிப்பட்டது என்று வெட்டவெளிச்சமாகிவிடும். தேர்வெழுதும் பிள்ளைகளுக்காகச் சபைகளில் சிறப்பு ஜெபம் நடக்கிறது, ஐயர் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார், நல்லதுதான். பிள்ளைக்குப் பயம் நீங்கும். தேர்வு முடிவு வந்த பிறகு வீட்டில் நடப்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியபோது, அடுத்த ஞாயிறே ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்து, பேரை வாசிக்கச் செய்தேன். இரண்டு வருடம் கழித்து மகனுக்கு மதிப்பெண் குறைந்தது. அந்த ஞாயிறு நான் காணிக்கைக் கவர் வாங்கவில்லை. திரும்பி வரும்போது மகள்தான் கேட்டாள், “அவனுக்குக் குடுக்கலியாம்மா?” அவன் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தான். கேட்டிருக்கும்.

மறுவாரம் கொடுத்தேன். பேரை வாசிக்க வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். தாமதமாக வந்த நன்றி எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அது. நீங்கள் செய்யவேண்டியதை முன்கூட்டியே செய்துவிடுங்கள்: தேர்வு தொடங்குகிற நாளிலேயே, முடிவு என்னவென்று தெரியாத போதே, அந்தக் காணிக்கையைக் கொடுத்துவிடுங்கள். பிள்ளை பார்க்கும்படி.

கோயிலுக்கு வரமாட்டேன் என்றால்

திடப்படுத்தல் முடிந்த ஒன்றிரண்டு வருடத்தில் பல வீடுகளில் இது வரும். மோனிக்கா அம்மாளின் கதையை உங்களுக்கு யாராவது சொல்வார்கள். மகன் அகஸ்டினுக்காகப் பல வருடம் அழுது, கடல் தாண்டி மிலான் வரை பின்னே போய், 387-ம் ஆண்டு ஈஸ்டரில் அவர் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணால் பார்த்து, அதே வருடம் இறந்துபோனவர். உண்மைக் கதைதான். ஆனால் அதைச் சொல்கிறவர்கள் அழுதால் கிடைக்கும் என்று ஒரு கணக்காக அதை நீட்டுகிறார்கள். கண்ணீருக்கு அப்படி விலைப்பட்டியல் கிடையாது. அழுதும் அதைக் காணாத தாய்மார்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள், அவர்கள் விசுவாசம் குறைந்ததென்று யாரும் சொல்ல உரிமை இல்லை.

செய்யக்கூடியது குறைவு. ஞாயிறு காலை சண்டையை நிறுத்துங்கள். நீங்கள் போய்க்கொண்டிருங்கள். உறவினர் முன்னால் சாட்சிக்கு நிறுத்தாதீர்கள். ஐயரை வீட்டுக்கு அழைத்து “இவனுக்குக் கொஞ்சம் சொல்லுங்க” என்று மாட்டிவிடாதீர்கள். கிழமை மாலையை மட்டும் விடாதீர்கள். கோயிலுக்கு வராத பிள்ளையிடமும் உங்கள் வாரத்தைச் சொல்லலாம், ஜெபித்தும் நடக்காததைச் சொல்லலாம். ஒன்றரை வருடம் என் மகனோடு அப்படித்தான் போனது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் ஜெபித்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் ஜெபித்ததில்லை.

இந்த வாரமே தொடங்குங்கள். முதல் மாலை பிள்ளை வாயே திறக்காது. உங்களுக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. கையில் ஏதாவது வேலை இருந்தால் நல்லது. அவித்த நிலக்கடலை ஒரு கிண்ணம் எடுத்துப்போய் இரண்டு பேருமாக உரித்துக்கொண்டிருங்கள். தோலைப் போட ஒரு பழைய செய்தித்தாள் வேண்டும்.